மணல் கல்லாகும் கதையும் நம் போர்வெல்லும்

(நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் நான் இழுத்த இடங்களைச் செயலாளர் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார்.)



பி.காம். படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடு எழுதியவனுக்குக் கல்லோடு என்ன வேலை என்று சிலர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. நியாயமான சிரிப்புதான். என் பணிக்காலத்தில் நான்கு வருடம் நெய்வேலியில் இருந்தேன். கவுண்டருக்கு வருகிற சுரங்கத்துக்காரர்களிடம் பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு, "சார், இன்றைக்கு எவ்வளவு ஆழம்?" என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் வாங்கிப் படித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

இன்றைக்குப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. ஒன்று, மூன்றாவது போர்வெல் போடுவது. இரண்டு, பின்பக்கத்து மண்தரை முழுவதற்கும் பேவர் பிளாக் பதிப்பது. இரண்டுமே நம் காலுக்குக் கீழே இருக்கும் கல்லைப் பற்றிய தீர்மானங்கள். கையைத் தூக்குவதற்கு முன் அந்தக் கல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இதோ, மேசைமேல் இருக்கும் இந்தச் செங்கட்டி. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது வெளியே வந்தது. பார்த்தால் கல். நகத்தால் சுரண்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. கையில் சிவப்புக் கறை. தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று மணல். இதற்குப் பெயர் கடலூர் மணற்கல். புதுச்சேரிக்கு வடமேற்கே நாம் குடியிருக்கும் இந்தச் செம்மண் மேடு, கடலூர், நெய்வேலி என்று தெற்கே தஞ்சாவூர்ப் பக்கம் வரைக்கும் இந்தக் கல்தான் விட்டு விட்டுத் தலைகாட்டுகிறது. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

2 கோடி ஆண்டு ஆகியும் ஏன் இது உதிர்கிறது? பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்கு அங்கே அடுக்கி வைத்தது மாதிரி நிற்கும் கருங்கல் உருண்டைகள் நினைவிருக்கும். வெயில், மழை, வேர் எல்லாமாகச் சேர்ந்து அதை மெல்ல மெல்லப் பிரிக்கின்றன. கருங்கல்லில் முக்கியமாக இரண்டு சரக்கு. ஃபெல்ஸ்பார் என்பது மழைநீர் பட்டுப்பட்டு நாளடைவில் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் என்கிற கண்ணாடி மாதிரியான துணுக்கு எதற்கும் மசியாது. அதுதான் மணலாக மிஞ்சுகிறது. செஞ்சிப் பக்கமிருந்து சங்கராபரணி ஆறு இந்தச் சரக்கைத்தான் வில்லியனூர் வழியாக இன்றைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறது.

ஆறு நல்ல காசாளர். வங்கியில் சில்லறையைப் பிரிப்பது மாதிரி தரம் பிரித்துப் போடும். வேகம் இருக்கும் இடத்தில் பெரிய கல் உருளும். வேகம் குறையக் குறையக் கூழாங்கல், பருமணல், நைஸ் மணல், கடைசியில் களிமண். புவியியலார் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழே மணல், அதற்கு மேலே சரளை. மணல் படிந்து இறுகினால் மணற்கல். உருண்ட கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகினால் அதற்குக் காங்லோமரேட் என்று பெயர். நாம் கூழாங்கல் பாறை என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு பாறையில் கூழாங்கல்லைப் பார்த்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் வேகமாக ஓடியது என்று அர்த்தம். கல் நன்றாக உருண்டு வழவழப்பாக இருந்தால் நெடுந்தூரம் வந்திருக்கிறது. முனை மழுங்காமல் கூராக இருந்தால் பக்கத்திலிருந்தே விழுந்தது.

கூழாங்கல் பாறை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கட்டடம் கட்டும் இடத்தில் உடைத்துப்போட்ட காங்கிரீட்டைப் பார்த்தால் போதும். ஜல்லி, ஜல்லிக்கு நடுவே மணல், மணலுக்கு நடுவே சிமென்ட். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நாம் சிமென்டை முதலிலேயே கலந்துவிடுகிறோம். இயற்கையில் முதலில் ஜல்லியும் மணலும் மட்டும் கிடக்கும். சிமென்ட் பின்னால், தண்ணீரில் கரைந்து, வருகிறது. பின்னால் என்றால் பல லட்சம் ஆண்டு கழித்துக்கூட.

"மேலே இருக்கும் பாரம் அழுத்தி அழுத்தி மணல் கல்லாகிவிடும்" என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாதி உண்மை. ஒரு வாளியில் காய்ந்த மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பத்து லிட்டர் மணல் மூன்றரை, நான்கு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். மணிகளுக்கு நடுவே அவ்வளவு காலி இடம். இந்த மணல்மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் வண்டல் ஏறினால் என்ன ஆகும்? ரேஷன் கடையில் படியைத் தட்டி அளந்தால் அரிசி கொஞ்சம் உள்ளே இறங்கும் இல்லையா, அதுதான். மணிகள் நகர்ந்து நெருங்கி உட்காரும். ஓரளவுக்குமேல் தட்டினாலும் இறங்காது. குவார்ட்ஸ் மணி கெட்டி. ஒன்றின்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடும். களிமண் அப்படி இல்லை. புதிதாகப் படிந்த சேற்றில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். அழுத்த அழுத்த அது பிழியப்பட்டு அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், களிமண் திரும்பவும் வரும்.

எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாலும் ஒட்டாத மணல் மணல்தான். ஒட்டவைப்பது தண்ணீர். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு ஒரே கட்டியாக இருக்கும். யாரும் அழுத்தவில்லை. ஈரத்தில் ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பும் துளி கரைந்தது, இரண்டு கல் தொடும் இடத்தில் மறுபடி உறைந்தது, ஒட்டிக்கொண்டது. பூமிக்கடியில் மணலுக்கு நடப்பதும் இதுதான். சரக்கும் வேகமும்தான் வேறு.

அந்தப் பசையில் மூன்று முக்கியமான வகை உண்டு. மூன்றில் இரண்டை நம் குளியலறையிலேயே காட்டிவிடலாம்.

முதலாவது சுண்ணாம்பு. போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் ஷவரில் இருக்கும் ஓட்டைகள் வருடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கின்றன. கீசர் காயில்மேல் வெள்ளையாகப் படை கட்டுகிறது. தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே விழுவதுதான் அது. மணலின் ஓட்டைகளும் இதே மாதிரி அடைபடும். இந்தப் பசை சீக்கிரம் வரும், ஆனால் அமிலம் பட்டால் பொங்கிக் கரைந்துவிடும். இரண்டாவது இரும்பு. வெள்ளை வாளியில் தங்குகிறதே செங்காவிக் கறை, அதுதான். நம் மேட்டுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது அது. ஆக்ராவிலும் ஃபதேபூர் சிக்ரியிலும் முகலாயர்கள் கோட்டை கட்டிய செந்நிற விந்தியக் கல்லும் இரும்பால் சிவந்த மணற்கல்தான்; இறுக்கத்தில்தான் நம் கல்லுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

மூன்றாவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாது. மணல் எதனால் ஆனதோ பசையும் அதனாலேயே ஆனது. ஒரு குவார்ட்ஸ் மணியின்மேல் கரைந்த குவார்ட்ஸ் படியும்போது அந்த மணியின் படிக அடுக்கை ஒட்டியே வளர்கிறது. பழைய மணி எங்கே முடிந்தது, புதுச் சரக்கு எங்கே தொடங்கியது என்று உருப்பெருக்கியில் பார்த்தாலும் சுலபமாகத் தெரியாது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. தண்ணீர் மிகக் கொஞ்சம் சிலிக்காவைத்தான் கரைத்துச் சுமக்கும் என்பதால் ஓர் இடைவெளியை நிரப்ப ஆயிரக்கணக்கான தடவை புதுத் தண்ணீர் வந்துபோக வேண்டும். அல்லது மணிகளே ஒன்றையொன்று அழுத்தும் முனையில் கரைந்து பக்கத்தில் உறைய வேண்டும். அடுத்தது சூடு: 70, 80 டிகிரிக்கு மேல் போனால்தான் இந்த வேலை சுறுசுறுப்பாகும். ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும் என்பதால், மணல் இரண்டு கிலோமீட்டருக்குமேல் புதைந்து வெகுகாலம் கிடக்க வேண்டும்.

இந்த வேலை முழுசாக முடிந்தால் கல் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறீர்கள். பெயர் தெரியாமல் பார்த்திருக்கிறீர்கள். திருமலை.

கீழ்த்திருப்பதியிலிருந்து மேலே ஏறும்போது சாலையோர வெட்டுகளைக் கவனியுங்கள். கீழே அடுக்கே இல்லாத கருங்கல் வகைப் பாறை. அதன்மேல் பலகை பலகையாக அடுக்கிய பாறை. மேலே இருப்பது ஒரு காலத்து மணல். சுமார் 160 கோடி ஆண்டுக்கு முன் படிந்தது. இப்போது அதற்கு நகரிக் குவார்ட்சைட் என்று பெயர். கீழ்ப்பாறைக்கும் மேல்பாறைக்கும் நடுவே ஒரு கோடுதான். அந்தக் கோட்டில் சுமார் 50 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது. அவ்வளவு காலம் அங்கே எதுவும் படிந்து தங்கவில்லை, அரித்துக்கொண்டே போயிருக்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறை அதை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிலாதோரணமும் அதே வகைக் கல்தான். பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுகிறோம், என்ன செய்வது.

உதிரும் மணற்கல்லை உடைத்தால் விரிசல் மணிகளைச் சுற்றிப் போகும், பசைதான் பிட்டுக்கொள்ளும். திருமலைக் கல்லை உடைத்தால் விரிசல் மணிகளுக்கு ஊடாகவே போகும். பசையும் மணியும் ஒன்றாகிவிட்டன. அங்கே மணிகளுக்கு நடுவே தண்ணீர் நிற்க இடமே கிடையாது. மழை பெய்தால் வெடிப்புகளில்தான் இறங்கும்.

ஒரு சின்ன விலகல். மாம்பழத்துக்குப் பெயர்போன பங்கனப்பள்ளியின் பெயரில் ஒரு கூழாங்கல் பாறையும் இருக்கிறது, அதுவும் பழங்காலத்தது. அதில் வைரம் கிடைத்தது. வேறெங்கோ பாறையிலிருந்து அரித்து வந்த வைரத்தை ஆறு கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகப் போட்டு மூடியிருக்கிறது. நகைக்கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இப்போது நம் செங்கட்டிக்கு வருவோம். இது ஏன் உதிர்கிறது என்பது உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். வயதும் குறைவு, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தையும் இது பார்க்கவில்லை. கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் களிமண்ணும் மணிகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. மற்றபடி காலி இடம்.

இதை நேரில் பார்க்க நல்ல இடம் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க நம்மில் பலர் போகிறோம்; அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவில் நுழைந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஐந்து பேர்கூடத் தேறவில்லை. மணல், சரளை, கூழாங்கல் அடுக்குகளுக்கு நடுவே சுமார் 200 கல்மரங்கள் கிடக்கின்றன, சில 15 மீட்டர் நீளம். கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. அங்கேயே முளைத்த மரமாக இருந்தால் வேராவது இருந்திருக்கும். வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டு மணலால் மூடியது என்கிறார்கள். பிறகு மணலுக்குள் ஊறிய தண்ணீரில் இருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு துளையிலும் புகுந்து உறைந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: சிலிக்காவுக்கு மரத்தின்மேல் பிடிப்பு அதிகம் போல. கல்லாக வேண்டிய மணல் பாதி மணலாகவே நிற்கிறது, மரம் முழுக் கல்லாகிவிட்டது. கல்மரத்தைத் தட்டினால் டங்கென்று கேட்கும். கல்லை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

உதிரும் கல் மட்டமான கல் என்று கட்டடக்காரர் சொல்வார். குடிதண்ணீர் தேடுகிறவருக்கு இதைவிட உசத்தியான கல் கிடையாது. நெய்வேலியில் நான் பார்த்தது இதுதான். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் இதே மணற்கல்லில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாகப் பம்பு போட்டு இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது முட்டித் தூக்கிவிடும். சுரங்கத்துக்காரர்களுக்குத் தலைவலி, நமக்கு அந்த மணற்கல்தான் சோறு போடுகிறது. புதுச்சேரி குடிக்கும் நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஆற்று வண்டலிலிருந்தும், இந்தக் கடலூர் மணற்கல்லிலிருந்தும், இதற்கும் கீழே வானூர்ப் பக்கம் வெளியே தெரியும் இன்னும் பழைய மணற்கல்லிலிருந்தும்தான் வருகிறது.

ஆனால் அந்த 40 சதவீதக் காலி இடம் முழுவதும் நம் கணக்கில் இருக்கும் பணம் என்று நினைக்கக் கூடாது. இத்தனை காலத்தில் அழுத்தமும் பசையும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. மிச்சத்திலும் ஒரு பங்குத் தண்ணீர் மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. மினிமம் பேலன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்குமேல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற புகைப்படம் இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்காக வண்டல் படுகைகளிலிருந்து தண்ணீரை உறிஞ்சினார்கள். ஜோசப் போலந்து என்ற நிலநீர் ஆய்வாளர் ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் காலடியில் 1977 என்ற பலகை. தலைக்கு மேலே வெகு உயரத்தில், கம்பத்தின் உச்சிப் பக்கம், 1925 என்ற பலகை. 1925இல் தரை அந்த உயரத்தில் இருந்தது. சுமார் 9 மீட்டர் இறங்கிவிட்டது, அதாவது மூன்று மாடி.

காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். மேலே இருக்கும் பாரத்தை மணிகள் மட்டும் தாங்கவில்லை. இடைவெளியில் இருக்கும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தாங்குகிறது. தண்ணீரை எடுத்ததும் முழுப் பாரமும் மணிகள்மேல் இறங்குகிறது. மணல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நடுநடுவே இருக்கும் களிமண் அடுக்குகள் அப்பளமாகிவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் அவை பழையபடி உப்பாது. இயற்கை பல லட்சம் ஆண்டு எடுத்துக்கொள்ளும் இறுக்கத்தை அங்கே ஐம்பதே வருடத்தில் முடித்திருக்கிறார்கள்.

நம் ஊரும் அப்படி இறங்கப் போகிறது என்று பயமுறுத்த வரவில்லை. நமக்கு முன்னால் வந்து நிற்கக்கூடிய தொல்லை வேறு. கடல் பக்கத்தில் இருக்கிறது. உள்ளிருந்து வரும் நல்ல தண்ணீர் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் வரை உப்புநீர் எல்லையில் நிற்கும். தள்ளுவதற்கு ஆள் குறைந்தால் அது உள்ளே வரும். கடலோரத் தெருக்களில் இருக்கும் உறவினர் வீட்டில் கைகழுவியவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நம் மேட்டின் முக்கியத்துவம். கடலூர் மணற்கல் கிழக்கே சாய்ந்து கடல் பக்கம் கீழே இறங்குகிறது. அங்கே அதன்மேல் வண்டல் மூடியிருக்கும். மூடாமல் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பது இந்தச் செம்மண் மேடு மாதிரியான இடங்களில்தான். அதாவது பணம் கட்டும் கவுண்டர் இங்கே இருக்கிறது, பணம் எடுக்கும் ஏ.டி.எம். கீழே ஊர் முழுக்க இருக்கிறது. இந்தக் கவுண்டரைத்தான் பேவர் பிளாக் போட்டு மூடலாமா என்று கேட்கப் போகிறோம்.

சேறு, வழுக்கல், மூத்தவர்கள் நடக்க முடியவில்லை என்பதெல்லாம் உண்மைதான். என் மனைவியே போன டிசம்பரில் அங்கே வழுக்கி விழப் பார்த்தாள். அதற்கு நடைபாதை அளவுக்கு, நான்கடி அகலத்துக்குப் போட்டால் போதும். மீதி மண்ணாகவே இருக்கட்டும். மூன்றாவது போர்வெல்லைப் பொறுத்தவரை என் கருத்து: அது புதுத் தண்ணீரைக் கொண்டுவராது, அதே கணக்கில் இன்னொரு செக் புத்தகம். முதலில் இப்போதிருக்கும் இரண்டிலும் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைப்போம். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் பொதுக்குழுவில் குரலை உயர்த்தாமல் பேசலாம். எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது பழகிய வேலை.

இன்னொன்று, நம் மழைநீர்க் குழிகள். அவற்றில் கீழே பெரிய கல், நடுவே சரளை, மேலே மணல் என்று போட்டிருக்கிறோம். மேலே படியும் வண்டலை எடுக்காமல் விட்டால் மணலின் இடைவெளி களிமண்ணால் அடைபடும். பிறகு தண்ணீர் உள்ளே போகாமல் கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்கும். போன மழையில் ஏ பிளாக் குழியில் நடந்தது அதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான்கு குழிகளிலும் மேல் மணலை அள்ளி அலசித் திரும்பப் போடலாம் என்று இருக்கிறோம். மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் காபி கொண்டு வந்தால் போதும்.

செங்கட்டியைச் சங்க அறையில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் சுரண்டிப் பார்க்கலாம்.